கேமுக்கு இசை போட்டாச்சு, இனி அதை எங்கே போடுவது?

போன தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பலகாரம் எல்லாம் முடிந்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்திருக்கும்போது மருமகன் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரே ஒரு இயர்போன், ஆளுக்கொரு காது. பதினொரு துண்டு இசையை வரிசையாகப் போட்டுக் காட்டினான், எல்லாமே சின்னக் கேம்களுக்கு என்று மனதில் வைத்துச் செய்தவை. காட்டுக்குள் நடக்கும்போது ஒன்று, கடைக்காரரிடம் சாமான் வாங்கும்போது ஒன்று, கடைசியில் பெரிய எதிரி வரும்போது ஒன்று. அந்தப் பெரிய எதிரிக்குப் பின்னால், காமன் எரிகிற கதையைத் தோட்டத்தில் ஆடும் காமன் கூத்தின் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துவிட்டது, மருமகன் என்பதற்காகச் சொல்லவில்லை.

அப்புறம் அவன் கேட்டான், "மாமா, இத எங்க போடுறது?"

நான் ஹட்டனில் போன் திருத்துகிறவன். ஆறேழு வருடமாக இரவில் இந்த வேலையும் பார்க்கிறேன், நான்கு கேம்களுக்கு இசை கொடுத்திருக்கிறேன், அதில் இரண்டுதான் வெளியே வந்தன. அன்றைக்கே ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன், வழியெல்லாம் யோசித்துப் பார்த்தால் நான் சொன்னது பிழை. அதற்குப் பிறகு மூன்று வாரம் வட்ஸ்அப்பில் சொன்னதைத்தான் இங்கே கோர்த்துப் போடுகிறேன், அவனைப் போல இன்னும் பத்துப் பேராவது இந்த மலைகளில் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்.

வழிகள் நான்கு. பொதி கட்டி விற்கலாம், இனாமாகக் கொடுக்கலாம், ஸ்பொட்டிஃபை யூடியூப் பக்கம் ஏற்றலாம், அல்லது கேம் செய்கிற ஒருவரைப் பிடித்து அவருடைய கேமுக்கே செய்து கொடுக்கலாம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை இழுக்க விருப்பமில்லை: நான்காவதில் தொடங்குங்கள், இரண்டாவதைக் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டும் பிறகு.

விற்பதைத்தான் எல்லாரும் முதலில் நினைப்போம். பத்துத் துண்டை ஒரு பொதியாக்கி ஐந்து டொலர் என்று விலை போட்டு, வேண்டியவர்கள் வாங்கித் தங்கள் கேமில் பாவிக்கட்டும் என்று விடுவது. சின்னக் கேம்கள் விற்கும் இட்ச் ஐஓ, இசை விற்கும் பாண்ட்கேம்ப், கேம் செய்யும் சொப்ட்வெயாரான யூனிட்டியின் அசெட் ஸ்டோர், இந்த மூன்றைத்தான் அதிகம் சொல்வார்கள். கமிஷனை மட்டும் வைத்துப் பார்த்தால் இட்ச்சுக்கு நிகர் இல்லை. 2013இல் தொடங்கிய அந்தத் தளத்தில், தளத்துக்கு எத்தனை வீதம் என்பதை விற்கிறவரே தீர்மானிக்கலாம். ஒன்றையும் மாற்றாமல் விட்டால் 10 வீதம், பூச்சியம் என்று வைத்தாலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பாண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 வீதம் எடுக்கும், 5,000 டொலருக்கு மேல் விற்றவர்களுக்கு அது 10 ஆகும். யூனிட்டி ஸ்டோர் 30 வீதம்.

ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் இருந்துகொண்டு கமிஷனை ஒப்பிடுவது, பஸ் வராத பாதையில் நின்று டிக்கட் விலை விசாரிப்பது போல. முதலில் கேட்க வேண்டியது, காசு எந்தப் பாதையால் வரும் என்பது. இணையத்தில் காசு கைமாற்றும் பேபாலில், இலங்கைக் கணக்கிலிருந்து காசு அனுப்பலாம், சாமான் வாங்கலாம், ஆனால் காசு வாங்க முடியாது. இத்தனை வருடமும் அதுதான் நிலைமை. மாறப்போகிறது என்று அவ்வப்போது செய்தி வரும், அந்தச் செய்தியை நாலைந்து தரம் பகிர்ந்து வெட்கப்பட்டவன் நான், அதனால் உங்கள் கணக்கில் முதலில் பரீட்சித்துப் பார்த்துவிட்டு நம்புங்கள். அதே மாதிரியான ஸ்ட்ரைப்பை எடுத்தால் அதன் நாட்டுப் பட்டியலிலேயே நாம் இல்லை. பாண்ட்கேம்ப் விற்ற காசைப் பேபாலுக்குத்தான் அனுப்பும், ஆக அந்தக் கதை அங்கேயே முடிந்தது. வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பாவின் கணக்கைக் கொடுத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அது சரிவராது, மூன்றாம் மாதமே சொந்தத்துக்குள் கணக்கு வழக்கு வந்துவிடும்.

இட்ச்சில் பயோனியர் என்ற காசு கைமாற்றும் நிறுவனத்தின் வழி இருக்கிறது. அங்கே சேர்ந்த காசைப் பயோனியருக்கு எடுத்து, அங்கிருந்து இங்கே வங்கிக் கணக்குக்கு ரூபாவாக இறக்கலாம். நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரிப் படிவம் நிரப்பச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம், தேநீரோடு உட்கார்ந்தால் முடிகிற வேலை. ஆனால் ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். மூன்று பொதி விற்ற பதினைந்து டொலரை அன்றைக்கே எடுக்க நினைத்தால் கைக்கு வருவது அனுதாபம்தான், அது அங்கேயே கிடந்து சேரட்டும்.

இன்னொரு விசயம், என் பொதி முதல் வருடத்தில் எத்தனை விற்றது தெரியுமா? ஏழு. அதில் ஒன்று நான் இசை கொடுத்த ஒருவர் மரியாதைக்காக வாங்கியது. பெயர் தெரியாத ஒருவருடைய பொதியை, அதே மாதிரிப் பொதிகள் ஆயிரக்கணக்கில் கிடக்கும் இடத்தில், ஒருவர் தேடி வந்து வாங்க வேண்டுமென்றால் அவருக்கு முன்பே உங்கள் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இதைப் பிறகு பார்ப்போம் என்கிறேன்.

இனாமாகக் கொடுப்பதைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, சும்மா கொடுத்தால் மதிப்பு இல்லை என்று. கேம் உலகத்தில் அப்படி இல்லை. ஓபன்கேம்ஆர்ட் என்ற தளம் 2009இலிருந்து இதற்காகவே இருக்கிறது, காசில்லாமல் கேம் செய்கிறவர்கள் இசைக்கும் படத்துக்கும் அங்கேதான் போய் நிற்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது உரிமம். கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற பொது உரிமங்களில் சிசி சீரோ என்றால் உரிமையை முழுதாகக் கைகழுவுவது, யாரும் எதற்கும் எடுக்கலாம், உங்கள் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை. சிசி பை என்றால் பெயரைப் போட்டுவிட்டு எடுக்கலாம், காசுக்கு விற்கும் கேமிலும் பாவிக்கலாம். அமெரிக்க இசையமைப்பாளர் கெவின் மெக்லியோட் இந்தச் சிசி பை உரிமத்தில் கொடுத்துத்தான் யூடியூப் முழுக்கத் தன் பெயரைப் பதித்தார். மூன்றாவது ஒன்று, 'வணிகத்துக்கு அல்ல' என்பது. கேட்க நியாயமாகத் தோன்றும், மருமகனும் அதைத்தான் தெரிவு செய்திருந்தான். ஆனால் இரண்டு டொலருக்குக் கேம் விற்கிறவரும் அதைக் கண்டதும் அடுத்த பக்கம் போய்விடுவார், ஓபன்கேம்ஆர்ட் அந்த உரிமத்தை ஏற்றுக்கொள்வதே இல்லை. ஆகவே சிசி பை போதும். ஒருமுறை அப்படிக் கொடுத்ததைத் திருப்பி எடுக்க முடியாது என்பதால் பதினொன்றையும் அள்ளிக் கொட்டாமல் இரண்டு மூன்றை மட்டும் விடுங்கள், அதுவும் நல்லதாகப் பார்த்து. உதவாததைத்தானே தானம் கொடுப்போம் என்று நினைத்தால் உங்கள் பெயரோடு சுற்றப்போவது அந்த உதவாததுதான்.

ஸ்பொட்டிஃபையைச் சுருக்கமாக முடிக்கிறேன். 2021இல் இலங்கைக்கும் வந்தது. ஏற்ற வேண்டுமென்றால் நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும், பலவற்றில் வருடச் சந்தா, கட்டாமல் விட்டால் பாட்டை இறக்கிவிடும் நிறுவனங்களும் உண்டு. 2024இலிருந்து ஒரு துண்டு 12 மாதத்துக்குள் 1,000 தரமாவது கேட்கப்பட்டால்தான் அதற்குக் காசு. கேம் ஓடி, ஆட்கள் அந்த இசையைத் தேட ஆரம்பித்த பிறகு இது பிரயோசனம், அதற்கு முன்னால் சந்தாதான் மிச்சம்.

இதில் நான் விழுந்த ஒரு குழியைச் சொல்ல வேண்டும். விநியோகப் படிவத்தில் யூடியூப் கொன்டென்ட் ஐடி என்று ஒரு சின்னக் கட்டம் வரும். உங்கள் இசையை யாராவது யூடியூபில் பாவித்தால் கண்டுபிடித்து அந்த வருமானத்தை உங்களுக்குத் தருவோம் என்று எழுதியிருக்கும். யார்தான் வேண்டாம் என்பார்கள், நானும் டிக் போட்டேன். நான் இசை கொடுத்த கேம் வெளிவந்து, யாரோ ஒரு பிள்ளை அதை விளையாடி யூடியூபில் போட்டிருக்கிறது. அது அந்தச் சின்னக் கேமுக்குக் கிடைத்த முதல் விளம்பரம். மறுநாள் அந்த வீடியோவின் மேல் உரிமைக் கோரிக்கை விழுந்துவிட்டது, கோரியது யார் என்று பார்த்தால் நான்! கேமைச் செய்த டெவலப்பர் எனக்கு எழுதிய மின்னஞ்சலில் கோபம்கூட இல்லை, "இது என்ன?" என்று ஒரு வரிதான். அதை எடுத்துவிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது, அதற்குள் அந்தப் பிள்ளை வீடியோவையே அழித்துவிட்டது. கேம் இசை என்றால் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள். இனாமாகக் கிடைக்கும் லூப்புகளை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஒலித் துண்டுகளை, வைத்துச் செய்த இசைக்கும் அது பொருந்தாது, அதே லூப்பை உலகத்தில் எத்தனையோ பேர் பாவித்திருப்பார்கள்.

சரி, நான்காவது வழி. ஆளை எங்கே பிடிப்பது என்றால், கேம் ஜாம். ஒரு தலைப்பைக் கொடுத்து இரண்டு மூன்று நாளில் ஒரு கேம் செய்யச் சொல்லும் போட்டி. 2002இல் தொடங்கிய லூடம் டெயார் என்ற ஜாமில் முக்கியமாக இரண்டு பிரிவு, 48 மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் தனி ஆளாகச் செய்வது ஒன்று, 72 மணித்தியாலத்தில் குழுவாகச் செய்வது மற்றது. நமக்கு இரண்டாவது. இட்ச்சிலும் எந்நேரமும் ஏதாவது ஒரு ஜாம் ஓடிக்கொண்டிருக்கும். குழு தேடுகிற இடத்தில் போய் "நான் இசை போடுவேன், இதோ மூன்று துண்டு" என்று எழுதினால் யாராவது கூப்பிடுவார்கள், ஏனென்றால் ஜாமுக்கு வருகிறவர்களில் கோட் எழுதுகிறவர்களுக்குக் குறைவில்லை, இசைக்குத்தான் ஆள் தேடுவார்கள். அங்கேதான் இனாமாக விட்ட அந்த இரண்டு மூன்று துண்டு உதவும்.

காசு கிடைக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பொதி விற்கும்போது தெரியாத ஒரு விசயம் இங்கே தெரியவரும். பாட்டும் கேம் இசையும் ஒன்றில்லை. பாட்டுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, கேம் இசை சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆடுகிறவர் அந்தக் காட்டில் இரண்டு நிமிடம் நிற்பாரா இருபது நிமிடம் நிற்பாரா என்று யாருக்கும் தெரியாது. மருமகனின் துண்டுகளைச் சுற்றவிட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல். அவன் எம்பி3 ஆக எடுத்திருந்தான். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தலையிலும் வாலிலும் துளி வெற்று ஒலி ஒட்டிக்கொள்ளும், ஒரு தரம் கேட்டால் தெரியாது, சுற்றினால் தெரியும். ஓக் அல்லது வேவ் என்ற கோப்பு வகையில் எடுத்தால் அது இல்லை.

விக்கல் போனதும் அடுத்தது வெளியே வந்தது. கடைசியில் ஒரு மணி ஓசை, அது அடங்குவதற்குள் சுற்று முதலுக்குத் தாவி, ஓசையைக் கத்தியால் வெட்டியது மாதிரி. இதற்கு ஒரு பழைய வழி. நிமிடத்துக்கு 120 அடி, நான்கடித் தாளம் என்றால் ஒரு சுற்றுத் தாளத்துக்கு 2 செக்கன், அவனுடைய துண்டு 32 சுற்று, 64 செக்கன். அதே துண்டை அடுத்தடுத்து இரண்டு தரம் வைத்து 128 செக்கனாக எடுத்து, முதல் 64ஐ எறிந்துவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் தரத்தின் மணி ஓசை இரண்டாவதின் தொடக்கத்தில் கசிந்திருக்கும் அல்லவா, இப்போது சுற்றினால் வெட்டே தெரியாது. போனில் சொன்னபோது அவனுக்கு விளங்கவில்லை, செய்து பார்த்துவிட்டு இரவு பதினொன்றரைக்கு எடுத்து "மாமா, வெட்டு போயிருச்சு" என்று கத்தினான், பின்னால் அக்கா அவனைத் திட்டுவதும் கேட்டது.

அப்புறம் அடுக்கு. காட்டில் சும்மா நடக்கும்போது புல்லாங்குழலும் சுருதியும் மட்டும், எதிரி நெருங்கும்போது அதே இசையின் மேல் தப்பு ஏறும். இதற்கு ஒரே நீளத்தில், ஒரே வேகத்தில் தனித்தனிக் கோப்பாகக் கொடுத்தால் டெவலப்பர் அந்தந்த நேரத்தில் ஒலியை ஏற்றி இறக்கிக்கொள்வார், கேம் செய்யும் சொப்ட்வெயாரான கோடோட்டிலேயே செய்யலாம், கேம் ஒலிக்கென்றே உள்ள எஃப்மோட் வைத்திருந்தால் இன்னும் லேசு. யாரோடும் வேலை செய்யாமல் பொதி மட்டும் விற்கிறவர் இதையெல்லாம் யோசிக்க மாட்டார், வாங்க வருகிறவர் தேடுவது இதைத்தான். என் ஏழு பொதி ரகசியம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஜாமில் செய்த கேமை முழுதாக்கப் போகிறேன், நீயும் வா, வருமானத்தில் பங்கு தருகிறேன் என்று யாராவது சொன்னால் சந்தோசப்படுங்கள், ஆனால் அந்தப் பங்கை வைத்துக் கடன் வாங்காதீர்கள். பாதிக் கேம்கள் முடிவதில்லை, என் கணக்கில் நான்குக்கு இரண்டு. பங்கைவிட உரிமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு மின்னஞ்சலில் நாலு வரி போதும்: இசை என்னுடையது, உங்கள் கேமில் எக்காலத்துக்கும் பாவிக்கலாம், இதே துண்டை வேறு கேமுக்குக் கொடுக்க மாட்டேன், ஆல்பமாக நான் வெளியிடலாம். இதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியதுமே பதிப்புரிமை வந்துவிடும், ஆக்கியவர் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 70 வருடமும் இருக்கும். மைன்கிராஃப்ட் என்ற கேமுக்கு இசை போட்ட ஜெர்மன்காரர் டேனியல் ரோசன்ஃபெல்ட், சி418 என்ற பெயரில் செய்கிறவர், அப்படித்தான் உரிமையைத் தன் கையில் வைத்திருந்தார். 2011இல் ஆல்பத்தைத் தானே வெளியிட்டார், 2014இல் மைக்ரோசொஃப்ட் 250 கோடி டொலருக்கு மைன்கிராஃப்டின் நிறுவனத்தை வாங்கியபோதும் அந்த இசை அவருடையதாகவே இருந்தது. முழுக் காசையும் கையில் தந்து உரிமையோடு கேட்டால் அது வேறு பேச்சு, அப்போது விலையும் வேறாக இருக்க வேண்டும்.

இசை செய்யும் சொப்ட்வெயார் எது என்று கேட்பவர்களுக்கு: பெரிதாக வித்தியாசம் இல்லை. எல்எம்எம்எஸ் இலவசம், பழைய லெப்டொப்பிலும் ஓடும், ஆனால் குரலோ தப்போ அதற்குள் பதிவு செய்ய முடியாது, வெளியே பதிந்து கொண்டுவர வேண்டும். எஃப்எல் ஸ்டூடியோவை ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் புதிய பதிப்பு இனாம். கிராக் செய்த பிரதி வேண்டாம், அது கொண்டுவரும் வைரஸை அகற்றித்தான் என் கடையில் பாதி வருமானம். ரீப்பர் 60 நாள் இனாம், பிறகு தனி ஆளுக்கு 60 டொலர், இறக்க வேண்டிய கோப்பும் மிகச் சின்னது, நான் அதில்தான் செய்கிறேன். லெப்டொப்பே இல்லை என்றால் பீப்பொக்ஸ். போன் பிரவுசரில் ஓடும், செய்த இசை முழுவதும் அந்த இணைப்பு முகவரிக்குள்ளேயே அடங்கிவிடும், வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். வேவ் கோப்பு ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி, நல்ல தரத்து ஓக் 1.2 எம்பி. சிக்னலுக்காக மேட்டு லயத்துக் கோயிலடிவரை நடந்து போய் ஏற்றுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் எத்தனை பெரியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அந்தத் தப்பு யாருடையது? கேட்டேன். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது கூட்டத்தில் நின்று போனில் பதிந்தானாம். அடித்தவரிடம் கேட்கவில்லை. இதை விற்கவும் முடியாது, இனாமாகவும் கொடுக்க முடியாது, அது அவர் கையால் வந்தது, அவரிடம் போய்க் கேள் என்றேன். எத்தனை தலைமுறையாகச் சாவுக்கும் சாமிக்கும் கூப்பிட்டு அடிக்கவிட்டுப் பெயரைக்கூடச் சொல்லாமல் அனுப்பிய கூட்டம் நாம், கேம் முடிந்ததும் ஓடுகிற பெயர்ப் பட்டியலிலாவது வரட்டும். அவன் தயங்கினான், இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாக்குச் சொன்னான், மூன்றாம் வாரம் போயிருக்கிறான்.

தப்பு அடித்த பெரியவர் இயர்போனை மாட்டிக்கொண்டு முழுதும் கேட்டாராம். இது எந்த இடத்தில் வருது என்று விசாரித்திருக்கிறார். பெரிய எதிரி சண்டைக்கு வருகிற இடம் தாத்தா என்றிருக்கிறான். அவர் சிரித்து முடிக்கவே வெகு நேரம் ஆகியிருக்கிறது.

"ஏன்டா, காமன் எரிஞ்சி ரதி அழுவுற எடத்து அடிய எடுத்து வச்சிக்கிட்டா சண்ட புடிக்கிற? அதுக்கு வேற அடி இருக்கு. மழ விடட்டும், பனியில தோலு தொஞ்சி கெடக்கு, நெருப்புல காட்டித்தான் அடிக்கணும். வெறகு எடுத்துக்கிட்டு வா."

இதை எழுதும்போது இங்கே இன்னும் மழை. பதினொன்றில் இரண்டைச் சிசி பை என்று போட்டுவிட்டான், எட்டைக் கையில் வைத்திருக்கிறான், எதிரியின் துண்டை மட்டும் அழித்துவிட்டு விறகு காயவைத்துக்கொண்டிருக்கிறான்.